பள்ளியில் என்.சி.சி. பொறுப்பு ஏற்கப் போகும் டெல்டா ஆசிரியருக்கு: முதல் மனுவிலிருந்து முதல் முகாம் வரை

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் என்.சி.சி. ஆசிரியர் ஓய்வு பெற்ற அன்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க பாத்துக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டார். சரி என்று சொல்ல ஒரு நிமிடம்தான் ஆனது. பயிற்சி முடித்து, தேர்டு ஆபீசர் (பள்ளி என்.சி.சி. அதிகாரியின் தொடக்கப் பதவி) என்ற ஆணை கைக்கு வர ஒன்றே முக்கால் வருடம் ஆனது. அதில் பாதிக்கு மேல் எனக்கு விவரம் தெரியாததால் வீணாய்ப் போன காலம்.

அந்த இடைவெளியில் ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். முகாமுக்கு அழைத்துப் போக ஆள் இல்லாததால் அவர்களில் பதினொரு பெண்களுக்கு 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுதும் தகுதியே வரவில்லை. ஒரு பிள்ளை இரண்டு வருடம் ஒரு பரேடு தவறாமல் வந்தவள். உங்கள் பள்ளியில் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. இடம் இருக்கிறதா, நீங்கள் தகுதியா

பள்ளி என்.சி.சி. அதிகாரியை ஏ.என்.ஓ. என்பார்கள், அசோசியேட் என்.சி.சி. ஆபீசர். முழுநேர, நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் ஆசைப்பட்டாலும் முடியாது. உடற்கல்வி ஆசிரியர்தான் வர வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. தமிழ், கணக்கு, அறிவியல், எந்தப் பாடமானாலும் சரி. வயது வரம்பு உண்டு, அதில் கறாராக இருப்பார்கள். அதனால் நாற்பதைத் தொடுவதற்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பள்ளியின் என்.சி.சி. பிள்ளைகள் அணியை ட்ரூப் என்பார்கள். ஒரு ட்ரூப்புக்கு ஓர் அதிகாரி. உங்கள் பள்ளியில் ட்ரூப் இருந்து அதிகாரி இடம் காலியாக இருந்தால் வேலை சுலபம். ட்ரூப்பே இல்லையென்றால் தலைமையாசிரியர் முதலில் ட்ரூப் ஒதுக்கக் கேட்டு மனுப்போட வேண்டும். காத்திருப்போர் வரிசை நீளம். தனியார் பள்ளி என்றால் சுயநிதித் திட்டம் ஒன்று இருக்கிறது, அதில் செலவைப் பள்ளியே ஏற்க வேண்டும். நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அந்த வழியில் இறங்காதீர்கள்.

நம் பக்கத்துப் பள்ளிகள் பட்டாலியன், அதற்கு மேல் திருச்சி குரூப் தலைமையகம், அதற்கு மேல் சென்னை இயக்குநரகம் என்ற வரிசையில் வருகின்றன. உங்கள் பள்ளி எந்த பட்டாலியன் என்பது அலுவலக அறையில் இருக்கும் பழைய கடிதத்திலேயே இருக்கும். உங்கள் மனு இந்த மூன்று மேசையையும் தாண்ட வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

2. வீட்டில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

அதிகாரி ஆவதற்கு முன் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். ஆண்களுக்கு நாக்பூர் பக்கத்தில் காம்ப்டி அகாடமி, பெண்களுக்குக் குவாலியர் அகாடமி. ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டரை மாதம் வரை வீட்டை விட்டு இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பண்டிகை, காதுகுத்து, நாத்தனார் வீட்டுக் கல்யாணம் எதற்கும் வர முடியாது. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. மாமியார் "போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அழைப்பு வந்த பிறகு வீட்டில் பேச ஆரம்பித்து, பின்வாங்கிய இரண்டு ஆசிரியைகளை எனக்குத் தெரியும். பின்வாங்கினால் அந்த இடம் அடுத்த பள்ளிக்குப் போவது மட்டுமில்லை, உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வருடம் போய்விடும்.

பள்ளியிலும் பேசி வையுங்கள். பயிற்சிக் காலம் பணிக்காலமாகவே கணக்காகும். ஆனால் உங்கள் வகுப்புகளை யார் எடுப்பது என்பதைத் தலைமையாசிரியர் முடிவு செய்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு எடுப்பவர் என்றால், பொதுத்தேர்வும் விடைத்தாள் திருத்தும் பணியும் வரும் மார்ச், ஏப்ரலில் அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

3. காகிதங்கள்

நான் அதிகம் அடிபட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவைப்படுபவை: விண்ணப்பப் படிவம் (பட்டாலியன் அலுவலகத்தில் வாங்குங்கள், யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய பழைய படிவம் வேண்டாம்), பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பட்டம், பி.எட்., பணி நியமன ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, தலைமையாசிரியரின் பரிந்துரையும் தடையில்லாச் சான்றும், உதவி பெறும் பள்ளி என்றால் செயலரின் ஒப்புதல், ஆதார், பான், வங்கிப் புத்தக முதல் பக்கம், மருத்துவத் தகுதிச் சான்று, புகைப்படங்கள். கல்லூரியிலோ பள்ளியிலோ நீங்களே என்.சி.சி.யில் இருந்திருந்தால் அந்தச் சான்றிதழை மறக்காமல் வையுங்கள், அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

இனி பெயர் விஷயம். நம் ஊரில் ஒருவருக்கு மூன்று பெயர் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ரா. கவிதா', ஆதாரில் 'கவிதா ராமலிங்கம்', கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கிய வங்கிக் கணக்கில் 'கவிதா செந்தில்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். வடநாட்டு அதிகாரி ஒருவருக்கு மூன்று பேர். இனிஷியல் என்ற வழக்கமே அவர்களுக்குக் கிடையாது, கொடுத்த பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருப்பார்கள். எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி மாற்றுவது நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் அவசரப்பட்டு ஒரு முறையை வீணாக்காதீர்கள். இந்தத் திருத்தத்தை மனுப்போடும் முன்பே முடித்துவிடுங்கள்.

நகல்களில் பச்சை மை கையெழுத்து மட்டும் போதாது, கையெழுத்துக்குக் கீழே அலுவலக முத்திரையும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். என் கோப்பில் ஒரே ஒரு பக்கத்தில் முத்திரை இல்லை. அந்த ஒரு பக்கத்துக்காக நாலு மாதம் ஒரு மேசையில் கிடந்தது. திருப்பியும் அனுப்பவில்லை, தகவலும் சொல்லவில்லை. நான் போய்க் கேட்ட பிறகுதான் எடுத்துக் காட்டினார்கள். அந்த நாலு மாதத்தில்தான் அந்த வருட முகாம் கை நழுவியது.

ஆகவே மூன்று செட் போடுங்கள். ஒன்று அனுப்ப, ஒன்று பள்ளிக் கோப்பில், ஒன்று உங்கள் வீட்டில். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியும் தபால் எண்ணும் போட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த எண்ணைச் சொல்லிப் போன் பண்ணுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம், கேட்கிறவர் கோப்புதான் நகரும். நகல், முத்திரை, புகைப்படம், தபால், பேருந்து என்று எனக்கு இதற்கு மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை ஆனது.

4. மருத்துவச் சான்றும் நேர்காணலும்

அரசு மருத்துவமனைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், புறநோயாளிக் கூட்டத்தில் நாள் போய்விடும். கண், ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தப் பிரிவு எல்லாம் பார்ப்பார்கள். பெண்கள் இரண்டு மாதம் முன்பே ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் குறைவாக இருந்தது. முருங்கைக்கீரையும் மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையுமாக ஏற்றிக்கொண்டேன். குறைவோடு போனால் பயிற்சி மைதானத்தில் மயங்கி விழ நேரும்.

நேர்காணல் எனக்குக் குரூப் தலைமையகத்தில் நடந்தது. ஏன் வர விரும்புகிறீர்கள், உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், மைதானம் எவ்வளவு பெரியது என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் ஆறு ஏன் பாதி வருடம் வறண்டு கிடக்கிறது என்று ஓர் அதிகாரி உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். மேட்டூர் அணை, ஜூன் 12, குறுவை, சம்பா என்று தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். ஆங்கிலம் இலக்கணச் சுத்தமாக இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. குரலும் பார்வையும் தாழாமல் பேசினால் போதும்.

5. இடைக்காலப் பொறுப்பில் இருக்கும்போது

பயிற்சிக்குப் போகும் வரை கேர்டேக்கர் என்ற பெயரில் ட்ரூப்பை நடத்துவீர்கள். முதல் நாளே செய்ய வேண்டியது, பொருட்களை எண்ணுவது. முன்பிருந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "எல்லாம் பீரோவுல இருக்கும்மா" என்ற வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பெல்ட், தொப்பி, அதில் குத்தும் பேட்ஜ், சிவப்பு ஹேக்கிள் (தொப்பியில் செருகும் இறகுக் குஞ்சம்), காலணி, எல்லாவற்றையும் தரையில் பத்துப் பத்தாக அடுக்கி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, குறைவதை எழுத்தில் காட்டிவிட்டுப் பொறுப்பு ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு தணிக்கையில் குறைந்தால் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

புதிய கேடட் சேர்ப்பும் இப்போது கணினி வழிதான். சீருடைப் பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போவதால், எட்டாம் வகுப்பில் சேர்க்கும்போதே கணக்குத் திறக்க வைத்துவிடுங்கள். நான் மேலே சொன்ன பெயர்ச் சிக்கல் பிள்ளைகளுக்கும் உண்டு. பள்ளி எமிஸ் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றிருக்கும். அம்மா அப்பா இருவரும் நடவுக்கோ திருப்பூருக்கோ போயிருக்கும் பிள்ளைக்கு யார் போய்த் திருத்துவது? பாட்டியைக் கூட்டிக்கொண்டு நானே இ-சேவை மையத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் ஐந்தாறு பிள்ளைகளுக்கு முடித்துவிடலாம்.

6. உடம்பையும் குரலையும் தயார் செய்யுங்கள்

அழைப்புக் கடிதம் வந்த பிறகு ஓட ஆரம்பிப்பது தவறு. மனு அனுப்பிய மறுநாளே ஆரம்பியுங்கள். நான் குடமுருட்டிக் கரையில் விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் வாரம் பத்து நிமிடம் நடை, அப்புறம் நடையும் ஓட்டமும், மூன்றாவது மாதம் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டம் என்று ஏற்றினேன். வாங்கிய காலணியை ஊரிலேயே போட்டுப் பழக்குங்கள். அங்கே போய்ப் புதுக் காலணி போட்டவர்களுக்கு முதல் வாரமே குதிகால் கிழிந்தது.

கவாத்தில் ஒரு காலடி என்பது 30 அங்குலம். நிமிடத்துக்கு 120 காலடி. பள்ளி வராண்டாவில் சுண்ணாம்புக்கட்டியால் 30 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு நடந்து பார்த்தேன். என் இயல்பான காலடி 22 அங்குலம்தான். இருபது வருடமாகப் புடவையில் நடந்த கால் அது. தொடை தசை புதிதாகப் பழக வேண்டியிருந்தது. சுடிதார் போட்டுக்கொண்டு தினம் அந்தக் கோடுகளின் மேல் நடந்து, ஒன்றரை மாதத்தில் சரியாக்கினேன். 'சாவ்தான்' (நேராக நில்) நிலையில் குதிகால்கள் ஒட்டி, பாதங்கள் 30 பாகை விரிந்திருக்க வேண்டும். அதைக் கரும்பலகைக்கு வைத்திருக்கும் பெரிய மரக் கோணமானியால் தரையில் வரைந்துகொண்டேன். 'விஷ்ராம்' (இளைப்பாறு) சொன்னால் கால்களுக்கு நடுவே 12 அங்குலம்.

கட்டளைகள் எல்லாம் இந்தியில்தான். தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயே முட் (இடப்பக்கம் திரும்பு), பீச்சே முட் (பின்னால் திரும்பு), தேஸ் சல் (வேகநடை), தம் (நில்). இருபது முப்பது சொல்தான், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். கடினம் சொல்வதில் இருக்கிறது. 'தாஹினே' என்பதை நீட்டி இழுக்க வேண்டும், அதற்குள் வரிசையில் இருப்பவர் தயாராகிவிடுவார். ஒரு சின்ன இடைவெளி. பிறகு 'முட்' என்று வெட்டியது போல் விட வேண்டும். ஆசிரியர்கள் நாம் தொண்டையால் கத்திப் பழகியவர்கள், பத்துக் கட்டளையில் குரல் கட்டிவிடும். வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். பட்டாலியனிலிருந்து வந்த ஹவில்தார் ஒருவர் என் கையை என் வயிற்றின் மேல் வைக்கச் சொல்லி, "மேடம், இங்கே அசையணும்" என்று காட்டினார். அறுவடை முடிந்த வயலில் நின்று, நூறு தப்படிக்கு அந்தப் பக்கம் மகனை நிறுத்தி, அவன் கேட்டுத் திரும்புகிறானா என்று பழகினேன்.

7. பயணமும் பையும் பணமும்

சென்னையிலிருந்து போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் இரண்டும் நாக்பூரிலும் நிற்கும், குவாலியரிலும் நிற்கும். தஞ்சாவூர், கும்பகோணத்திலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் எழும்பூர். முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது, அழைப்போ அவ்வளவு முன்னால் வருவதில்லை. கடிதம் கைக்கு வந்த அன்றே பதிவு செய்யுங்கள், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து. டிக்கெட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், பயணப்படிக்கு வேண்டும். கையிலிருந்து செலவு செய்து பிறகுதான் வாங்க வேண்டியிருக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை கடிதத்திலேயே இருக்கும். அதில் இல்லாதவற்றைச் சொல்கிறேன்: பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஊசி நூல், கூடுதல் சாக்ஸ் ஆறு ஜோடி, கொசுவலை, பூட்டு இரண்டு, கால் ஆணிக்கு அரைத்து வைத்த மருந்து, ஒரு டார்ச். குவாலியரில் மே, ஜூனில் வெயில் 45 பாகை வரை போகும், டிசம்பர், ஜனவரியில் நம் ஊர் ஸ்வெட்டர் போதாது. காட்டன் புடவைகளை அடுக்காதீர்கள், ஒன்றிரண்டு போதும்.

காலணி, வெள்ளை கேன்வாஸ், டீஷர்ட், பெட்டி, தையல், சலவை, பயணம் எல்லாம் சேர்த்து எனக்குப் பதினோராயிரத்தைத் தாண்டியது. வருடத்துக்குப் பிறகு கிடைக்கும் மதிப்பூதியத்தை நம்பி இந்தச் செலவைச் செய்யாதீர்கள். முன்பே ஒதுக்கி வையுங்கள்.

8. அகாடமியில்

இந்தி தெரியாது என்ற பயம் முதல் நாலு நாள்தான். கேரளம், ஆந்திரா, அசாம், மணிப்பூர் என்று எல்லா ஊர் ஆசிரியைகளும் அதே பயத்தோடுதான் வந்திருந்தார்கள். வகுப்பில் புரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேளுங்கள். கவாத்து, ஆயுதப் பயிற்சி, வரைபடம் படித்தல், முதலுதவி, துப்பாக்கி சுடுதல், வகுப்பு எடுத்துக் காட்டுதல் எல்லாம் உண்டு. வகுப்பு எடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள், அங்கே மதிப்பெண்ணை அள்ளிவிடலாம். காலில் வலி என்றால் மறைக்காதீர்கள். வீம்புக்கு ஓடி, எலும்பில் கீறல் விழுந்து, பாதியில் திரும்பிய தோழி ஒருத்தி மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டியதாயிற்று.

9. திரும்பி வந்த பிறகு: நம் பருவத்துக்கு ஏற்ற நாட்காட்டி

'ஏ' சான்றிதழுக்கு இரண்டு வருடம், 75 சதவீத வருகை, ஒரு முகாம். இதில் டெல்டாப் பிள்ளைகள் தவறுவது வருகையில். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை, தை மாசியில் சம்பா அறுவடை, இடையில் ஐப்பசி, கார்த்திகை மழை. நம் களிமண் மைதானத்தில் மழைக்குப் பிறகு மூன்று நாள் கால் வைக்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல பள்ளிகள் நிவாரண முகாம்களாகவே இருந்தன. அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பரேடுகளை நெருக்கி வைத்துவிடுங்கள். மழை மாதங்களை வகுப்பறைப் பாடங்களுக்கு ஒதுக்குங்கள்: வரைபடம், முதலுதவி, ஆயுதத்தின் பாகங்கள்.

வரைபடத்தில் உயரக் கோடுகளைச் சொல்லிக்கொடுக்கும்போது நம் பிள்ளைகள் விழிப்பார்கள். மலையையே பார்க்காத பிள்ளைகள், சுற்றி எங்கும் தாம்பாளம் போல் சமதரை. நான் களத்து வைக்கோல் போருக்கு அழைத்துப் போய், ஒரு முழ உயரத்துக்கு ஒரு கயிறு என்று போரைச் சுற்றிக் கட்ட வைத்தேன். பிறகு ஒருவனைப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏற்றி, மேலிருந்து கயிறுகளைப் பார்த்து வரையச் சொன்னேன். செங்குத்தான பக்கம் கயிறுகள் நெருக்கமாகவும், சரிந்த பக்கம் விலகியும் இருப்பதை அவனே கத்திச் சொன்னான். திசைகாட்டிப் பயிற்சிக்கு நமக்குக் கோபுரங்கள் இருக்கின்றன, வயல் நடுவில் நின்றால் மூன்று ஊர்க் கோபுரம் தெரியும்.

சனிக்கிழமை பரேடு வைத்தால் டவுன் பஸ் நேரத்தைப் பார்த்து வையுங்கள். காலை முதல் பஸ்ஸில் வரும் பிள்ளை பெரும்பாலும் சாப்பிடாமல் வரும். சிற்றுண்டியைப் பரேடு முடியும் வரை தள்ளாமல் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள்.

10. முதல் முகாம்

வருடாந்திர முகாம் 10 நாள். பெற்றோர் சம்மதக் கடிதத்தில் அம்மா, அப்பா இருவரில் ஒருவர் கையெழுத்தும், எந்த நேரத்திலும் எடுக்கும் ஒரு போன் எண்ணும் இருக்க வேண்டும். அண்ணன் போட்ட கையெழுத்து செல்லாது. மருத்துவச் சான்றைக் கிளம்பும் வாரத்தில் எடுங்கள். பெண் பிள்ளைகள் போகும்போது நாப்கினும் மாற்று உடையும் ஒரு பையில் நீங்களே கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு அழும் பிள்ளைக்கு வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுங்கள், இரண்டாம் இரவு அழாது.

முகாம் ஆற்றுப் பக்கம் என்றால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கொள்ளிடமோ, காவிரியோ, முழங்கால் தண்ணீர்தானே என்று யார் சொன்னாலும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மணல் எடுத்த பள்ளம் மேலே தெரியாது. காலை, மதியம், மாலை, விளக்கணைக்கும் முன் என்று நாலு முறை தலை எண்ணுங்கள். ஒரு சின்ன நோட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போன வருடம் நான் முப்பத்திரண்டு பேரை அழைத்துப் போனேன். நாற்பது முறை எண்ணினேன், நாற்பது முறையும் முப்பத்திரண்டு.